தளத்துக்குக் கீழே

வேலூரில் வளர்ந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்குனி முடிவதற்குள்ளேயே தொட்டித் தண்ணீர் சுடத் தொடங்கிவிடும். கத்திரி பிறக்கிற மே முதல் வாரத்தில் பகல் பதினோரு மணிக்கே தெருவில் வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். நாங்கள் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள், எங்களுக்கு மேலே மொட்டைத் தளம். அந்தத் தளத்தைப் பற்றித்தான் சில மாதங்களாக அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் தம்பி. வேலூரிலேயே, சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோயிருக்கிறான். அம்மா அவனோடு இருக்கிறாள். "அக்கா, அம்மா ரூமுக்கு ஏ.சி. போடணும். கடையில ரெண்டு டன் போடுங்கன்றாங்க. கையில நாற்பதாயிரம்தான் இருக்கு. என்ன பண்ணலாம்?" என்று போனில் கேட்டான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இரண்டு டன்! "மேல வெயில் நேரா அடிக்குதுல்ல, அதனால பெருசா போடணுமாம்" என்று அவன் சேர்த்துச் சொன்னதுதான் என் மனதில் தங்கிவிட்டது. வெயில் நேராக அடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதைத் தடுப்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. உள்ளே வந்த சூட்டை வெளியே தள்ளும் இயந்திரத்தைப் பெரிதாக்கினால் போதும் என்கிறார்கள்.

அப்பா தளத்தோடுதான் மல்லுக்கட்டினார். மாலை ஆறு மணி வாக்கில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறுவார். முதல் வாளித் தண்ணீர் விழுந்ததும் உஸ்ஸென்று தளம் உறிஞ்சும் சத்தம் கேட்கும். விரிசல்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். சுண்ணாம்பும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை எழும். இரண்டாவது வாளியோடு அவர் திரும்புவதற்குள் முதல் வாளி ஊற்றிய இடம் வெளுத்துக் காய்ந்திருக்கும். "குடிக்கவே தண்ணி லாரி வரல, தளத்துக்கு ஊத்தறீங்களே" என்று அம்மா கீழிருந்து சத்தம் போடுவாள். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. அம்மா சொன்னதில் தப்பில்லை. அப்பா செய்ததிலும் தப்பில்லை. தண்ணீர் ஆவியாகிப் போகும்போது தளத்தின் சூட்டையும் கொஞ்சம் கொண்டுபோகிறது. ஆனால் பகல் முழுக்க ஏறிய சூட்டை மாலையில் ஊற்றும் நாலு வாளி இறக்கிவிடாது.

எங்கள் ஊர் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இன்னொரு முறை வரும். அந்த நாட்களில் சுவரை விடக் கூரைதான் வெயிலை அதிகம் வாங்குகிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் பலகை அந்தச் சூட்டை உடனே கீழே விடுவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல இறக்குகிறது. அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு விடாத தோசைக்கல்லின் அடியில் படுத்திருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை. இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியைச் சுழலவிட்டால் மேலேயிருந்து அனல்தான் இறங்கும். காற்று சூடாக இருப்பது ஒரு பக்கம். தளமே கதிர்வீசிக்கொண்டு நம் உடம்பைச் சுடுவது இன்னொரு பக்கம். மின்விசிறியால் இரண்டாவதை ஒன்றும் செய்ய முடியாது.

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. நாட்டு ஓட்டுக் கூரை, மண்சுவர், முற்றம். மேலே சேரும் சூடு ஓட்டு இடுக்குகளில் வெளியேறிவிடும். வெயில் சாய்ந்ததும் மெல்லிய ஓடு சீக்கிரம் ஆறிவிடும். விடுமுறைக்குப் போனால் மதியத்திலும் திண்ணையில் தூங்கலாம். அதற்காக ஓட்டு வீட்டைப் பற்றிக் கனவு காணச் சொல்ல மாட்டேன். தேள் விழும், குரங்கு ஓட்டைப் பிரிக்கும், ஐப்பசி மழையில் வீடு முழுக்கப் பாத்திரம் வைக்க வேண்டும். தாத்தா கடைசி வரைக்கும் ஒரு தளம் போட்ட வீட்டுக்கு ஆசைப்பட்டார். அந்த ஆசை நியாயமானது. தளம் போட்டதில் குறையில்லை. தளத்துக்கு மேலே போட வேண்டியதைப் பின்னாளில் நாம் விட்டுவிட்டோம்.

முன்பெல்லாம் தளம் ஒட்டி முடிந்ததும் வேலை முடியாது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். மழை ஒழுகாமல் இருக்கவும் வெயில் இறங்காமல் இருக்கவும் அந்த ஒரே வேலை உதவியது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படித் தட்டியதைப் பள்ளிவிட்டு வரும் வழியில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டைகள் ஒரே தாளத்தில் விழும். இப்போது செலவைச் சுருக்க வேண்டும் என்றால் கையை வைக்கிற முதல் இடம் அதுதான். சிமென்ட் பூசி, கசிவுத் தடுப்பு மருந்து ஒரு கோட் அடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தம்பி வீட்டிலும் அதுவே நடந்திருக்கிறது. கேரளத்தில் தங்கி வீடு கட்டிய லாரி பேக்கர் உடைந்த மங்களூர் ஓடுகளைத் தளத்துக்குள்ளேயே புதைத்தார். கான்கிரீட்டின் அடிப்பகுதி பாரம் தாங்குவதில்லை, அங்கே ஓடு இருந்தால் செலவும் குறையும், சூடும் குறையும் என்பது அவர் கணக்கு. ஏழைகளின் வீட்டுக்காக அவ்வளவு யோசித்த ஒரு கட்டடக் கலைஞரை நம் பொறியியல் கல்லூரிகள் இன்னும் அதிகம் சொல்லித்தர வேண்டும்.

எனக்கு முதல் வேலை சென்னையில் கிடைத்தது. திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். மாலையில் மெரினாவுக்கு நடக்கும்போது ஐஸ் ஹவுஸைத் தாண்டிப் போவேன். இப்போது விவேகானந்தர் இல்லம். 1897இல் சுவாமி அங்கே தங்கியதால் வந்த பெயர் அது. ஆனால் கட்டடம் எழுந்தது 1842இல், ஐஸ் வைப்பதற்காக. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் மாசசூசெட்ஸ் குளங்களில் ஐஸை அறுத்து, கப்பலில் ஏற்றி, பூமியின் பாதியைச் சுற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. பிறகு மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் வந்தன. இரண்டு முறை நிலநடுக்கோட்டைத் தாண்டி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்த ஐஸ், கரை சேரும்போது பெரும்பங்கு ஐஸாகவே இருந்தது.

எப்படி என்றால், மரத்தூள். கப்பலின் அடித்தட்டில் ஐஸ் கட்டிகளைச் சுற்றி மரத்தூளைப் பொதிந்து வைத்தார்கள். குளிரை உண்டாக்கும் இயந்திரம் எதுவும் அந்தக் கப்பலில் கிடையாது. சூட்டை உள்ளே விடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். கடற்கரைக் காற்றில் அந்த வட்டச் சுவரைப் பார்த்தபடி நடந்த காலத்தில் இதை ஒரு வரலாற்றுச் செய்தியாக மட்டுமே வைத்திருந்தேன். தம்பி 'டன்' என்றதும் அது வேறு பொருளோடு திரும்பி வந்தது. ஏ.சி.யின் டன் கணக்கு அந்த ஐஸ் யுகத்தின் மிச்சம். ஓர் அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த வேகத்தில் சூட்டை வெளியேற்றும் இயந்திரம் ஒரு டன் ஏ.சி. மணிக்கு 12,000 பி.டி.யு. அம்மா அறைக்கு இரண்டு டன் என்றால் நாளொன்றுக்கு 1,800 கிலோவுக்கு மேல் ஐஸை உருக்கும் ஏற்பாடு. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஓர் அம்மா. மேலே மரத்தூளுக்குப் பதில் ஒன்றுமே இல்லை.

சாதாரணமாக 120 சதுர அடிக்கு ஒரு டன் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். மேல்தளம் என்றால் அரை டன் கூட்டுவார்கள். மேற்குச் சுவர் என்றால் இன்னும் கூட்டுவார்கள். அந்தக் கூடுதலுக்கு விலை கொடுப்பது ஒரு முறைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும்.

தம்பியோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். அவன் வீட்டில் ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடுகிறது. இரவில் எட்டு மணி நேரம் ஏ.சி. ஓடி, நாளைக்கு ஐந்து யூனிட் என்று வைத்தால் 60 நாளில் 300. மொத்தம் 550. தமிழ்நாட்டில் 500 யூனிட் என்பது சாதாரண எல்லைக்கோடு அல்ல. முதல் 100 யூனிட் இலவசம் என்பது நிற்கும். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்குமான மலிவு விலை போய், அந்த நூறுக்கும் மேற்படி விலை விழும். தாண்டிய யூனிட்டுகளுக்குத் தனியாக இன்னும் பெரிய விலை. தாண்டியது ஐம்பதே யூனிட் என்றாலும் பில்லில் அது ஐம்பது யூனிட்டாகத் தெரியாது. அதே ஏ.சி. நாளைக்கு ஒரு யூனிட் குறைவாகக் குடித்தால் 490இல் நின்றுவிடும். அந்த ஒரு யூனிட்டைத் தளத்தில் தேடலாம், மின்விசிறியிலும் தேடலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறி முப்பது முப்பத்தைந்தில் முடித்துக்கொள்ளும். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 36 யூனிட் மிச்சம். நடுத்தரக் குடும்பத்தில் கூலிங் என்ற பேச்சு வந்தால் முதலில் வாங்க வேண்டிய மின்சாதனம் இதுதான் என்பேன்.

ஏர்கூலர் போதாதா என்று அம்மா கேட்டாள். வேலூரில் அது நல்ல கேள்வி. சித்தப்பா வீட்டில் தகர உடம்போடு, மூன்று பக்கமும் மரச்சீவல் பேட் வைத்த கூலர் ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு போட்டு மாட்டியிருப்பார். எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருப்பார். ஈரக்காற்று வெளியே போனால்தான் அடுத்த காற்று குளிரும். சித்திரை வெயிலில் வேலூர்க் காற்று உலர்ந்து கிடக்கும். அதனால் தண்ணீர் நன்றாக ஆவியாகும், அறை குளிரும். ஏ.சி.யில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம்கூட ஆகாது. அதே கூலரைச் சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கினார்கள். கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம். மேலும் ஈரம் சேர்ந்து போர்வையும் தலையணையும் நசநசத்ததுதான் மிச்சம். ஊரைக் கேட்காமல் கூலர் வாங்கக் கூடாது. வேலூருக்கு அது பொருந்தும், ஆனால் தண்ணீர் வேண்டும். மணிக்குச் சில லிட்டர் குடிக்கும் இயந்திரத்தைத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் நாள் முழுக்க ஓட்ட முடியாது. அம்மாவுக்கு மூட்டுவலியும் உண்டு, வாளி சுமக்க மாட்டாள். அதனால் கூலரை விட்டோம்.

குன்னூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது இதே கணக்கைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டேன். மார்கழி, தை இரவுகளில் வாடகை அறையில் விரல் விறைக்கும். ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போனால் கம்பி ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் என்று விலை ஏறிக்கொண்டே போகும். எதுவானாலும் இரண்டாயிரம் வாட் என்றால் அது தருவது இரண்டாயிரம் வாட் சூடுதான். ஐந்து மணி நேரத்துக்குப் பத்து யூனிட். கரண்ட் செலவில் விலை உயர்ந்த ஹீட்டருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஆயில் ஹீட்டர் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும், திறந்த கம்பி இல்லாததால் ஆபத்தும் குறைவு. சூடும் தரும் ஏ.சி. மட்டும்தான் உண்மையில் வேறு வகை. அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தள்ளுகிறது. ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு சூடு கிடைக்கும்.

வீட்டுக்கார அம்மா படுகர் சமூகத்தவர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் ஹீட்டர் பெட்டியோடு வந்ததைப் பார்த்துவிட்டு, "அதை அப்புறம் பிரிச்சுக்கலாம் கண்ணு, முதல்ல காத்தை அடை" என்றார். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைக்கச் செய்தார். ஜன்னல் சட்டத்து இடுக்கில் காகிதக் கூழ் திணித்தார். தரையில் தடித்த ஜமுக்காளத்தை விரித்தார். அதன் பிறகு ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினாலே போதுமாக இருந்தது. ஒன்றில் மட்டும் அவர் கெடுபிடி. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தக் கூடாது. அதன் புகை மணக்காமல் கொல்லும் என்பார். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இன்னமும் அப்படிச் செத்துப்போகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எவ்வளவு குறைந்த செலவானாலும் அந்தச் சூடு வேண்டாம்.

முதல்ல காத்தை அடை. வேலூரில் அடைக்க வேண்டியது வெயிலை.

தம்பியை ஒரு வாரம் கடைப் பக்கம் போக வேண்டாம் என்றேன். கொத்தனார் வந்தார். தளத்தைக் கூட்டிக் கழுவி, விரிசல்களை அடைத்து, வடிகட்டிய சுண்ணாம்பில் வெள்ளைச் சிமென்டும் பசையும் கலந்து இரண்டு கோட் அடித்தார். வெயிலைத் திருப்பி அனுப்பவென்றே விற்கும் பெயின்ட் இன்னும் நாள்படும். கையிலிருந்த பணத்துக்குச் சுண்ணாம்பு போதும் என்று முடிவெடுத்தோம். வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். புது வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பிவிடும். தூசி படியப் படிய அந்தக் குணம் குறையும் என்பதால் ஆண்டுதோறும் மாசியில் அடிக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே தொங்கிய திரையை எடுத்துவிட்டு, வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாரம் கழித்து மாலை ஏழு மணிக்குத் தம்பி பரணில் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். "முன்ன கையை வெச்சா சுடும்க்கா, இப்ப வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனோம். இரண்டு டன் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஒன்றரை டன் மூன்று நட்சத்திர ஏ.சி.யின் விலைக்கு ஒரு டன் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். நட்சத்திரம் வழங்கும் பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம்) சீட்டில் உள்ள ஆண்டு மின்செலவை 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிடுகிறது. வருடத்தில் இரண்டு மாதம், இரவில் மட்டும் போடுகிறவர்களுக்கு மூன்று நட்சத்திரமே லாபம். அம்மா பகலிலும் வீட்டில் இருப்பவள், அதனால் ஐந்து. வெளியே மாட்டும் பெட்டியை மேற்கு வெயிலில் மாட்டாமல் வடக்குச் சுவரில் நிழலாக மாட்டச் சொன்னோம். 2020 முதல் புது ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்கும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ.யின் கணக்கு. அம்மா 27இல் வைத்து, மின்விசிறியை இரண்டில் சுழலவிட்டுத் தூங்குகிறாள்.

வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகமும் தாமதமாகத்தான் தெரியும். இரவிலும் உடம்பு ஆற இடம் கிடைக்காவிட்டால் மறுநாள் வெயிலை அது தாங்காது. அகமதாபாத் 2010இன் கொடும் வெயிலுக்குப் பிறகு, 2013இல் வெயில் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டது. நம் ஊர்களிலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளின் மேல்மாடிகளில் தொடங்கி இது நடக்க வேண்டும். ஏ.சி. மானியத்தை விட இதற்குச் செலவு குறைவு, சேர வேண்டியவர்களுக்கும் இதுதான் சேரும்.

அம்மாவுக்கு உதவியாக வரும் அக்கா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறார். தளத்தைப் பார்த்துவிட்டு, "எங்க கூரைக்கும் இதை அடிக்கலாமா?" என்று கேட்டார். மிச்சச் சுண்ணாம்பு மூட்டையை அம்மா கொடுத்தனுப்பினாள். கொத்தனார் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். ஷீட் மேல் ஏறக் கூடாது, உடைந்து உள்ளே விழுவார்கள். ஏணி வைத்து ஓரத்தில் நின்று, நீளக் கழியில் கட்டிய பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். முன்கூட்டி ஷீட்டைச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது, அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை தம்பி ஏணியை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.